தரையில் தோள் அமுங்காது

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடைக்கு ஒரு புதுமண ஜோடி வந்தது. அவளுக்குக் கெட்டியான மெத்தை வேண்டுமாம், அவனுக்கு மெத்தென்று வேண்டுமாம். இருவரையும் காட்சிக்கு வைத்த கட்டிலில் ஏற்றி, "வெக்கப்படாதீங்க, வீட்ல எப்படித் தூங்குவீங்களோ அப்படியே படுங்க" என்று என் வழக்கமான பாட்டைப் பாடி, ஒரு இரட்டை மெத்தையையும் நான்கு தலையணைகளையும் தலையில் கட்டி அனுப்பினேன். போகும்போது அந்தப் பெண், "நீங்களும் இதே மெத்தைதானா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்யில்லை, இதே மெத்தைதான். அதில் என் வீட்டுக்காரர் படுக்கிறார். நான் இஸ்திரி மேசை இருக்கும் அறையில் படுக்கிறேன். முதலில் அவர் குறட்டை காரணமாக இருந்தது, அப்புறம் என் கழுத்துவலி. இப்போதெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை, நாங்கள் உட்பட.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், துரை, ஓர் அறிவிப்பு வைத்திருந்தார். "அடுத்த மாசம் மூணு நாள் காட்டுக்குள்ள நடக்கப் போறோம். கூடாரம் வாங்கிட்டேன். ரெண்டு பேர் படுக்கலாம்."

போகலாமா என்று கேட்கவில்லை. போறோம்.

மார்ச் 4, புதன்

எழுதாமல் விட்ட சங்கதி ஒன்று. அவருக்கு மாற்றல் வந்திருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அணை, அதன் மின்நிலையத்துக்கு. தங்கும் வீடு தனி ஆளுக்கா, குடும்பத்துக்கா என்று அலுவலகத்தில் சொல்ல வேண்டுமாம். போன வாரம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளே பார்த்தபடியே இதைச் சொன்னார். பால் புட்டியிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. பால் புட்டி பதில் சொல்லவில்லை. நான் "ஓ" என்றேன்.

"நீயும் வா" என்று ஒரு வார்த்தை. சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

சொன்னால் போவேனா? போவேன். அதுதான் வெட்கக்கேடு.

மார்ச் 8, ஞாயிறு

மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். காட்டில் சாலை கிடையாது, கடை கிடையாது, எல்லாம் முதுகில்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு. அங்கிருந்த விற்பனையாளர் தலையணையை எடையைச் சொல்லித்தான் விற்கிறார். "எண்பது கிராம்தான் மேடம், சுருட்டினா கைக்குள்ள அடங்கிடும்." கழுத்துக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நிறைய கலர் இருக்கு மேடம்" என்றார். தொழிலில் எனக்கே குருவாக இருப்பார் போல.

மூன்று வகை. வாயால் ஊதுவது, நுரையை அமுக்கிச் சுருட்டுவது, வெறும் துணிப்பை. அந்தப் பையில் நம் ஸ்வெட்டரையே திணித்துக்கொள்ள வேண்டுமாம். துணிப்பைக்குத் தலையணை என்று பெயர் வைக்கும் தைரியம் எங்கள் முதலாளிக்குக்கூட இல்லை.

மூன்றையும் வாங்கினேன். இவர் கூரையைப் பார்த்தார்.

மார்ச் 9, திங்கள்

ஊதுவதை ஊதிப் பார்த்தேன். முழுக்க ஊதினால் பந்து, பாதி ஊதினால் தலை தரையில். திரும்பிப் படுத்தால் கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். அடுத்த அறையிலிருந்து, "என்ன அது, எலியா?" என்றார்.

குறட்டைக்காரர் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்கிறார். காலம்!

மார்ச் 14, சனி

துணிப்பையும் ஸ்வெட்டரும்: ஜிப் கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. தள்ளுபடி.

மார்ச் 17, செவ்வாய்

மேசை மேல் சமையலறைத் தராசு. அதில் ஒவ்வொரு சாமானாக நிறுத்துக்கொண்டிருக்கிறார். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டார், சில கிராம் மிச்சமாம். இவருடைய தொப்பை எத்தனை கிராம் என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நுரைத் தலையணையைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இல்லாம முடியாதா?"

"முடியாது."

"சரி. என் பையில வச்சுக்கறேன்."

அதற்காக உடனே உருகிவிட்டேன் என்று இல்லை. கொஞ்சம்.

மார்ச் 20, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் கடைக் கட்டிலில் நுரைத் தலையணையைப் போட்டு ஒருக்களித்துப் படுத்தேன். பில் போடும் பெண் பின்னால் நின்று என் கழுத்தைப் பார்த்து, "நேர்கோடா இருக்குக்கா, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் வந்தால் வேறென்ன வேண்டும்? தட்டையாக, மெத்தென்று, அருமையாக இருந்தது. தேர்வு முடிந்தது. இத்தனை வருட அனுபவம் என்றால் சும்மாவா!

"எதுக்குக்கா மூணு நாளைக்கு இவ்ளோ அலட்டிக்கறீங்க?" என்றும் கேட்டாள். கழுத்து பிடித்துக்கொள்ளுமே என்றேன். நிஜக் காரணத்தை இங்கே எழுதுகிறேன், வேறெங்கே எழுத? அந்தக் கூடாரத்தில் பாதி இரவில் எழுந்துபோக இன்னொரு அறை இல்லை. அங்கே அவர் பக்கத்தில் என்னால் தூங்க முடிந்தால், மலைக்கு அந்தப் பக்கமும் முடியும். முடியாவிட்டால் அவருக்குத் தனி ஆள் வீடு, எனக்கு இஸ்திரி மேசை. அவ்வளவுதான் விஷயம். இது அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஏப்ரல் 3, வெள்ளி

கூடாரத்துக்குள் எழுதுகிறேன். "ரெண்டு பேர் படுக்கலாம்" என்றவர்கள் இரண்டு குழந்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுக்க இவர் முன்னால் நடந்தார், நான் அவர் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழகிய காட்சிதான். அடியில் விரல் தடிமனுக்கு ஒரு பாய், அதற்கடியில் உலகம்.

தலையணை மட்டும் அருமை.

ஏப்ரல் 4, சனி

அருமையாவது மண்ணாவது.

காலையில் கழுத்து பூட்டிக்கொண்டது. வலப்பக்கம் துளி திரும்பவில்லை. படுத்த நிலையிலேயே காரணம் புரிந்தது. புரிந்ததும் வலித்ததைவிட மானம் போனதுதான் அதிகம். மெத்தையில் தோள் அமுங்கும், அதனால் தட்டைத் தலையணை போதும். தரையில் தோள் அமுங்காது. ஒருக்களித்துப் படுத்தால் தோள் உயரத்துக்குத் தலையணை வேண்டும். இதைக் கடையில் தினமும் யாருக்காவது சொல்கிறேன்! தரையில் படுக்கப் போகிறவள், சொகுசு மெத்தையில் படுத்துத் தலையணை தேர்ந்தெடுத்திருக்கிறாள். இந்த மாதச் சிறந்த விற்பனையாளர் பட்டத்தை எனக்கே கொடுத்துவிடலாம்.

மேலே ஓர் ஏரி இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் இந்தக் கூத்தே. "நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

"ஏரி எங்கயும் ஓடிடாது" என்று உட்கார்ந்துவிட்டார். வெந்நீர் போட்டு, புட்டியில் ஊற்றி, துண்டைச் சுற்றிக் கழுத்தில் வைத்தார். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கோ அந்தப் பக்கம் மட்டும்தான் பார்க்க முடிந்தது. ரொம்ப நாள் கழித்து அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். இளைத்திருக்கிறார். கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு ஆபீஸ்ல என்ன சொன்னீங்க?"

துண்டை இழுத்துச் சரிசெய்தார். "தனி ஆள்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"கெளம்பறதுக்கு முன்னாடி. புதன்கிழமை."

"அப்புறம் எதுக்கு இந்தக் காடு? எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தீங்க?"

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒண்ணா எங்கயாவது..." அடுப்பைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நான் வர மாட்டேன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"வரேன்னு நீ சொல்லலயே. ஒரு மாசமா தலையணையப் பத்தி மட்டும்தான் பேசின. என் பக்கத்துல மூணு நாள் படுக்கறதுக்கே இவ்ளோ பயப்படறாளேன்னு நினைச்சேன்."

பயமாம்! கத்திவிட்டேன். காட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? "தனி ரூம்ல கிடந்தவ, உங்க பக்கத்துல தூங்கறதுக்காக ஊரெல்லாம் தலையணை தேடி அலைஞ்சிருக்கேன். பைத்தியக்காரி மாதிரி ஊதி ஊதிப் பாத்திருக்கேன். அது வரேன்னு சொல்றது இல்லாம வேற என்னங்க?"

"அதை வாயால சொல்லணும்ல?"

"நீங்க வாயால கேக்கணும்ல?"

எங்கோ ஒரு பறவை கத்தியது. அதற்காவது பதில் கத்தல் கிடைத்தது.

பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கிற குரலில், "வர்றியா?" என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். கழுத்து விடவில்லை.

"வரேன்" என்றேன். அழுதேன். வலியினால் என்று அவர் நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று ராத்திரி தன் குளிர்ச்சட்டையை நான்காக மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்தார். உயரம் சரியாக இருந்தது, தூங்கினேன். அவர் குளிரில் நடுங்கியபடி, ஆனாலும் விடாமல், குறட்டை விட்டார்.

ஏப்ரல் 22, புதன்

கடையில் ராஜினாமா சொல்லிவிட்டேன். முதலாளி காரணம் கேட்டார். கழுத்துக்கு மலைக்காற்று நல்லது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னேன். எந்த மருத்துவர் என்று பில் போடும் பெண் கேட்டுச் சிரித்தாள்.

ஜூன் 8, திங்கள்

துரை முந்திக்கொண்டு தனி ஆள் என்று சொன்னதன் பலன்: ஒரே ஒரு அறை. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் ஜன்னல், ஜன்னலைத் தாண்டினால் அணை. பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முழங்கையை நீட்டினால் அவர் மேல் படுகிறது. "பாத்து" என்கிறார். எங்கே போய்ப் பார்ப்பது?

காலையில் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி நல்லவர், ரொம்பச் சங்கடப்பட்டார். "குடும்பத்துக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். ரெண்டு படுக்கையறை வீடு இப்போ எதுவும் இல்ல. அடுத்த வருஷம்தான் காலியாகும்." பிறகு என்னைப் பார்த்து, பாவமாக, "ஒரே ரூம்ல கஷ்டம்தான் மேடம். மேல பேசி சீக்கிரமா வாங்கித் தரட்டுமா?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க. மெதுவாவே வரட்டும்."