அக்காவின் முதல் ஷிப்ட்

செப். 22, திங்கள்
தூறல். 4.40க்கு தானாக விழிப்பு. வேதியியல் இரண்டு பாடம் முடித்தேன். ஆறு மணிக்கு அக்காவை எழுப்பும் வேலை. ஐந்து முறை. "எந்திரிச்சுட்டேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. பஸ் போய்விட்டது. கல்லூரி 8.30. இன்றும் முதல் வகுப்பு ஆப்சென்ட்.
அம்மா: "சின்னது கோழிக்கு முன்னால எந்திரிக்குது. பெருசுக்கு என்ன கேடு?" என்னைக் காட்டி அவளைத் திட்டுவது கூச்சமாக இருக்கிறது.

செப். 23, செவ்வாய்
பள்ளி நூலகத்தில் ஓர் அறிவியல் இதழ். சிலருக்குக் காலையில் மூளை திறக்கும், சிலருக்குப் பொழுது ஏறிய பிறகுதான். பின்னவர்கள் காலை வகுப்பிலும் தேர்விலும் பின்தங்குகிறார்களாம். சோம்பல் இல்லை. உடம்பின் வாகு.
அக்கா, பி.காம். மூன்றாம் வருடம். மதியம் எழுதிய தாள் 81. காலையில் எழுதிய இரண்டும் அரியர்.
அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எங்கிட்டச் சொல்லி என்ன அம்மிணி? அப்பாகிட்டச் சொல்லு."

செப். 24, புதன்
சொன்னேன். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். கல்லூரியில் சேர்க்கையின்போது அக்காவுக்குக் கிடைத்தது இரண்டாம் ஷிப்ட், மதியம் 1.30க்கு ஆரம்பம். மூன்று நாள் நடந்து, கெஞ்சி, காலைக்கு மாற்றியது அப்பாதான். கம்பெனியில் நல்ல ஆட்களுக்குத்தான் முதல் ஷிப்ட், மிச்சப்பட்டவர்களுக்கு இரண்டாவது. கல்லூரியும் அப்படி என்று நினைத்துவிட்டார். அன்று கம்பெனியில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாராம்.
நான் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "நாளைக்கு லீவு சொல்லீட்டுப் போயிக் கேக்கறேன்."

செப். 25, வியாழன்
இன்று எனக்குக் காலாண்டுத் தேர்வு இல்லை. அப்பாவோடு நானும் கல்லூரிக்குப் போனேன். அறிவியல் இதழில் இருந்ததை நான்கு வரியாக எழுதி எடுத்துக்கொண்டேன்.
துறைத் தலைவர் உட்காரச் சொல்லியும் அப்பா உட்காரவில்லை. "ஏனுங்க, புள்ளைய மதியத்துக்குப் போட்டு உடுங்க. நாந்தானுங்க தப்புப் பண்ணீட்டேன்."
"கடைசி வருஷத்துல மாத்த முடியாதுங்க. அட்டெண்டென்ஸும் பத்தல. இந்தப் பரீட்சைக்கே விட மாட்டாங்க."
தாளை நீட்டினேன். முழுவதும் படித்தார். "நல்லா எழுதியிருக்கே. எத்தனாவது?" பதினொன்று என்றேன். திருப்பிக் கொடுத்தார்.
வெளியே அக்கா. மணி பதினொன்றரை. முகம் அவ்வளவு தெளிவு.

செப். 27, சனி
அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. போகப்போவதும் இல்லை. அத்தை வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்குக்கு ஆள் வேண்டுமாம்.
"அங்க மதிய ஷிப்ட் உண்டுங்களா அத்தை?" என்றேன்.
அத்தைக்குச் சிரிப்பு. "செக்கிங்குக்கு ஏது கண்ணு? காலைல எட்டரை. வேன் ஏழுக்கே வந்துரும். ஒரு நிமிஷம் நிக்க மாட்டான்."
அக்கா துப்பட்டாவை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.
திங்கள் முதல்.