சங்கு எனக்கு, விதை அக்காவுக்கு

மேல் டிவிசன்,
புளத்கொகுபிட்டிய.
2004 செப்டம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த சார்ஜா வெயிலில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அவளைத்தான் கும்பிடுகிறேன். இங்கே ஒரு கிழமையாக விடாத மழை, ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாததால் பேரும் இல்லை, பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அப்பா இருமிக்கொண்டே பீடி குடிக்கிறார், கேட்டால் மழைக்குத்தான் இருமல் என்கிறார். உன் அப்பாவைத் திருத்த அந்த மாரியம்மனே வந்தாலும் முடியாது. வீட்டில் அடைந்து கிடந்தால் மனதில் கிடப்பதெல்லாம் மேலே வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

போன மாதம் லீவில் வந்த உன் கூட்டாளி மஷூர் இரண்டு படத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளை, மழையில் நனைந்துகொண்டு லயத்து வீடு வரைக்கும் ஏறி வந்தான். சுருட்டி நூல் கட்டியிருந்த இரண்டையும் என் கையில் கொடுத்து, செவப்பு நூல் ஒங்களுக்கு, பச்ச நூல் ரம்புக்கனைப் பெரியம்மாவுக்கு, மாத்திடாதீங்கம்மா, யோகா நூறு தடவ சொல்லி அனுப்பினான் என்றான். அவன் போன பிறகு இரண்டையும் பிரித்தேன். பிரிக்காமல் எப்படி இருப்பேன், நீயே சொல். காம்பராவில் கதவைச் சாத்தி, பாயை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்த படத்தைப் பார்த்து அப்படியே கையால் வரைவதுதான் வேலை, ஹோட்டல் அறைக்கெல்லாம் அதுதான் போகிறது என்று எழுதியிருந்தாயே, இரண்டும் அதே படம். மேசையில் திராட்சைக் குலை, பாதி தோல் உரித்த எலுமிச்சை, காய்ந்த இலை, முட்டையோடு ஒரு குருவிக் கூடு. கையை விட்டு முட்டையை எடுத்துவிடலாம் போல் இருந்தது. பெற்ற வயிறு குளிர்ந்துதான் போனது, ஆனால் அது கொஞ்ச நேரம்தான். உன் பெரியம்மாவுக்கு, அதுதான் என் அக்காவுக்கு, வந்த படத்தில் மேசை ஓரத்தில் ஒரு சங்கு, உள்பக்கம் ரோஸ் நிறம், வாயில் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. என் படத்தில் அதே இடத்தில் ஒரு ரப்பர் விதை. நான் தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிற விதை.

எனக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு முடி அளவு மாறினாலும் சூப்பர்வைசர் படத்தைக் கழித்துப் போட்டுவிடுவார் என்று நீதானே எழுதினாய். அப்படியென்றால் சங்கு இருப்பது சரியான படம், விதை இருப்பது கழித்துப் போட்ட படம். ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்கு ஒரு மரியாதை, சிரட்டையில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலுக்கு ஒரு மரியாதை என்று காலமெல்லாம் பார்த்தவள் நான். முதல்தர ஷீட்டைப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டு ஒட்டுப்பாலை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று அக்கா உன்னைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இருக்கிற பொறாமை. கடையும் வீடும் உள்ள அவளுக்குப் பிள்ளை இல்லை, பிள்ளை உள்ள எனக்குக் கடையும் வீடும் இல்லை. உனக்கு முதல் பெயின்ட் பெட்டி வாங்கிக் கொடுத்தது அவள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டது அவள், ஏர்போர்ட் போகிற அன்றைக்கு ரயில் ஏற்றி விட்டதும் அவள். யாராவது கேட்டால் எங்க யோகா, எங்க வளர்ப்பு என்பாள். நான் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் சொல்வாள்.

அதனால் நூலை மாற்றிக் கட்டினேன். சங்கை நான் வைத்துக்கொண்டு, விதைக்குப் பச்சை நூலைச் சுற்றி, கேகாலையில் பஸ் மாறி, நானே கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நம் வீட்டுப் படத்துக்கு அப்பா சட்டம் அடித்து சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். பழனியாண்டிக் கங்காணி பெண்சாதியோடு வந்து பார்த்தார், கீழ்க்கடை முதலாளிகூட எட்டிப் பார்த்து ஹரி லஸ்ஸனய், ரொம்ப அழகு என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அந்தச் சங்குக்கும் சேர்த்துக் காட்டினேன், ஒரு பொட்டும் வைத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த விதையைக் காட்டினாள். பாத்தியா ஜெயம்மா, எம்புள்ள மறக்கல, காச்சட்டப் பையில ரப்பர் வெதைய நெரப்பிக்கிட்டுத் திரிவான், தொவைக்கிறதுக்கு முந்தி நாந்தான் ஒண்ணொண்ணா எடுத்து வைப்பேன், அத நெனச்சுத்தான் எனக்குன்னு தனியா வரைஞ்சிருக்கான் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொடுத்த டீயை அப்படியே கீழே வைத்தேன். அந்தப் பையை நிரப்பியது யார்? ரம்புக்கனைக் கடைத்தெருவிலா ரப்பர் மரம் நிற்கிறது? பால் வெட்டுகிற இடத்தில் நல்ல வரி விழுந்த விதையாகப் பார்த்துப் பொறுக்கி, மடியில் கட்டி, சம்பளம் போட்ட மறுநாள் பஸ் ஏறி வந்து உன் கையில் கொட்டியது யார்? அக்கா பிஸ்கட்டும் டொஃபியும் வைத்திருக்கிற வீட்டுக்கு நான் வேறு எதைக் கொண்டுவருவேன் ராசா. அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அது கழித்துப் போட்ட படம் இல்லை. மற்றதெல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து வரைந்தது, அந்த ஒன்றுதான் நீயாக வரைந்தது. மாற்றிவிடாதே என்று நீ சொல்லி அனுப்பியது அதற்குத்தான்.

வாயைத் திறக்க முடியுமா? திறந்தால் நூலை மாற்றியதையும் சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது நம் காம்பராவில் சங்கு மினுங்குகிறது, பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. கழற்றச் சொன்னால் அப்பா காரணம் கேட்பார். நீ பெரியம்மாவுக்கு ஒன்றும் எழுதிவிடாதே. அவள் அழுததைப் பார்த்த பிறகு பிடுங்கவும் மனம் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. படம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு வேறு ஒன்று வரைந்து அனுப்பாதே, அது இரண்டாவதாகத்தான் இருக்கும். அந்த விதையை யாருக்கு வரைந்தாய் என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுது. தெரியும், இருந்தாலும் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

மஷூர் திரும்பி வரும்போது மிளகாய்த்தூளும் முறுக்கும் கொடுத்து விடுகிறேன், மழை விட்ட நேரத்தில் பொறுக்கின விதையும் கொஞ்சம் அதில் இருக்கும். பெயின்ட் கையோடு சாப்பிடாதே, கண்ணைக் கசக்கிக்கொண்டு வரையாதே, கிழமைக்கு ஒரு தடவையாவது தலைக்கு எண்ணெய் வை. நீ நீண்ட ஆயுசோடு, கை சுகத்தோடு, யார் கண்ணும் படாமல் நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஹோட்டல்களுக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் வரை, திராட்சையும் கூடும் யார் அறைக்கும் போகட்டும். அந்த விதையை மட்டும் இன்னொருவருக்கு வரையாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ஜெயம்மா