கேடயம் ஏந்தியவர்

சரவணம்பட்டி,
ஆகஸ்ட் 11, 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு,

சுகமா அம்மணி? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. காபிகூடத் தொண்டையில் இறங்குவதில்லை.

உன் தம்பி மதனின் கை எப்படி இருக்கிறது? அவன் சம்மதித்துத்தான் சோதனைக்கு வந்தான், மறந்துவிடாதே. எருமைத்தோல் கேடயத்தைக் கம்பத்தில் கட்டி வெட்டிப் பார்த்தால் அந்தக் காலத்துப் போர் விளங்காது. மனிதக் கை அடிக்கு வளைந்து கொடுக்கும். அதனால்தான் அவனைக் கேடயம் பிடிக்கச் சொன்னேன். நான் வீசிய வாள் இப்படி இறங்கும் என்று யார் கண்டது?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நொய்யல் கரை முதுமக்கள் தாழியில் நாங்கள் எடுத்த முன்கை எலும்பில் ஒரு வெட்டு இருக்கிறதே, மதனுக்கும் அதே இடத்தில், அதே சாய்வில் விழுந்திருக்கிறது. இத்தனை வருடம் புரியாதது இப்போது புரிகிறது. காயத்தின் நீளத்தை அளந்து அனுப்புவாயா?

உன்,
கிருபாசங்கர்


கொடுமுடி,
ஆகஸ்ட் 19, 2024

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் இருக்கிறோமுங்க. எனக்கு மூன்று வரி, எலும்புக்கு ஒரு பத்தி. அந்த மூன்று வரியாவது எழுதினீர்களே!

அளவெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நரம்பு அறுந்ததில் இடது கை விரல்கள் மடங்கவில்லை. தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். பல்லால் கடித்து முடிந்து பழகுகிறான். தறிக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார்.

வாசலில் கார் சத்தம் கேட்டால், "அக்கா, மாமா வந்துட்டாங்களா பாரு" என்கிறான். ஒரு தடவை வாங்க. அவன் முன்னால் உட்கார்ந்து, "என்னாலதான் ஆச்சு மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்றைக்கே உங்களோடு புறப்பட்டு வருகிறேன்.

ரித்திகா


சரவணம்பட்டி,
ஆகஸ்ட் 30, 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு,

கருத்தரங்கு நெருங்கிவிட்டது, இப்போது வர முடியாது. முடிந்த மறுநாளே வருகிறேன். சோதனையைப் பற்றி அங்கே வாசிக்கப்போகும் கட்டுரையின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மதனிடம் காட்டு, சந்தோஷப்படுவான்.

கல்லூரியில் விபத்துக்கு விளக்கம் கேட்டார்கள். அதனால் கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று: "கேடயம் ஏந்தியவர் கவனக்குறைவாக அதைத் தாழ்த்தியதால் காயம் ஏற்பட்டது." பெயர் போடவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே கண்ணு.

உன்,
கிருபாசங்கர்


கொடுமுடி,
செப்டம்பர் 7, 2024

ஏனுங்க,

மதனே படித்தான். அந்த வரிக்கு வந்ததும் திரும்பவும் படித்தான். அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

சோதனையைப் படம் பிடித்தது நான்தானுங்க. "இன்னுங் கொஞ்சம் கீழ புடி மாப்ள, வெட்டு படத்துல தெரியோணும்" என்று நீங்கள் சொன்னது அதில் கேட்டது. "ஆகட்டுங்க மாமா" என்று அவன் இறக்கினதும் இருந்தது. நீங்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் படத்தை உங்கள் கல்லூரிக்கு அனுப்பத்தான் போனை எடுத்தேன். மதன் பிடுங்கிக்கொண்டான். "மாமாவுக்கு வேல போயிருமக்கா. போனது என்ற கையோட போகட்டும்" என்றான். எனக்கு அழுகை தாங்கவில்லை. படத்தை அவனே அழித்துப்போட்டான்.

இனி உங்களுக்குப் பயமில்லைங்க. தைரியமாகப் போய்க் கட்டுரையை வாசியுங்கள். நான் வர மாட்டேன்.

இப்படிக்கு,
மதன்குமாரின் அக்கா