ஒன்பதாம் துளையில் உப்பு குறைகிறது

2214, ஐப்பசி 3, காலை
இதைக் கண்டெடுக்கும் பாக்கியசாலிக்கு, புதைகாட்டுக் கண்காணிப்பு நிலையத்தின் தனிப்பெரும் சக்கரவர்த்தி வடமலை எழுதுவது. குடிமக்கள், பல்லி இரண்டு. அடியில் கான்கிரீட் குழிகள். அவற்றில் முன்னோர்கள் விளக்கெரித்து மிச்சம் வைத்த அணுக்கழிவு. சுற்றியுள்ள ஆழ்துளைகளில் நீர் எடுத்துச் சோதிப்பது என் ராஜகாரியம். எட்டுத் துளைகளில் வழக்கம்போல நிலத்தடியில் புகுந்த கடலுப்பு. சரிவுப் பக்கத்து ஒன்பதாவதில் உப்பு குறைகிறது. கடலுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தலைமையகத்துக்குத் தெரிவித்தேன். பதில் இல்லை. எனக்கு முந்தைய சக்கரவர்த்திக்கும் வந்ததில்லை.

ஐப்பசி 9, மாலை
சரிவுக்குக் கீழே இருக்கும் ஒரே ஊர், உப்போடை. அங்கிருந்து என் அக்கா மகள் சங்கரவடிவு ரேடியோவில் வந்தாள். நிறைமாதம்.

"மாமா, நம்ம கெணத்துல நல்ல தண்ணி ஊறுது. ஊரே கொடத்தோட நிக்கி. எல்லாம் எம்வயித்துப் பிள்ளை ராசின்னு சொல்லுதாவ."

"பின்னே, யாரு பேரப்பிள்ளை? பொறக்க முந்தியே கடலக் குடிச்சு ஏப்பம் விட்டிருக்கு."

"நீங்க மட்டும் வந்து சேனை வச்சிராதீய. பிள்ளைக்கும் இந்தப் புளுகு ஒட்டிக்கும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பை யார் வைக்கிறாரோ, அவர் குணம் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சிரித்தேன். பிறகுதான் ஒன்பதாம் துளை ஞாபகம் வந்தது.

ஐப்பசி 10, காலை
மூன்று முறை சோதித்தேன். உப்பு இல்லை. அணுக்கழிவின் கதிரியக்க நஞ்சான ஸ்ட்ரான்சியம் இருக்கிறது, அனுமதித்த அளவைப்போல நானூறு மடங்கு. நாற்பதாயிரம் என்று எழுதத்தான் எனக்குக் கை வரும். இன்று வரவில்லை.

குழியின் மூடி விரிசல் கண்டிருக்கிறது. பெய்த மழையெல்லாம் உள்ளே தேங்கி, கழிவில் ஊறி, சரிவில் இறங்குகிறது. மழைத் தண்ணீர், அதனால் உப்பில்லை. எலும்பு ஸ்ட்ரான்சியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்ளும். புது எலும்பு இன்னும் ஆசையாக வாங்கும்.

ஐப்பசி 10, மதியம்
"வடிவு, அந்தத் தண்ணிய யாரும் தொடாதீய. அது கழிவுக்குழித் தண்ணி."

பின்னால் ஊர் சிரித்தது. அவள் கணவன் ஆவுடையப்பன் பேசினான்: "மாமா, போன வருசம் துளைக்குள்ள திமிங்கிலம் இருமுதுன்னு சொன்னீய. இது ரொம்பச் சின்னப் புளுகால்லா இருக்கு. வயசாயிட்டோ?"

அளவுகளை வாசித்தேன். நானூறு மடங்கு என்றதும், "நாலாயிரமாச் சொல்லுங்க மாமா, உங்க மரியாதை என்னாவது" என்றான்.

ஐப்பசி 11
நேரில் போய்க் காலில் விழலாம் என்று கிளம்பினேன். கதவு திறக்கவில்லை. நச்சளவு பதிவானால் நிலையம் தானே பூட்டிக்கொள்ளும். தலைமையகம் சொன்னால்தான் திறக்கும். நாற்காலியால் அடித்தேன். நாற்காலி உடைந்தது. நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் இந்தக் கதவு.

ஐப்பசி 14
கெஞ்சினேன். அழுதேன். "இன்னிக்கு நல்லா நடிக்காவ" என்றது ஒரு குரல். எல்லோரும் போன பிறகு வடிவு தணிந்து கேட்டாள்.

"நெசமாவா மாமா?"

"நெசம், தாயி."



"உப்பு வடிக்கிற மிஷின் போன மாசமே நின்னுபோச்சு. அப்ப நாங்க எதைக் குடிக்க?"



ஐப்பசி 19
மின்கலம் கடைசி மூச்சில். ரேடியோ கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை. ஆவுடையப்பன்:

"மாமா, பொம்பளப் பிள்ளை. உங்க புளுகு வந்துரக் கூடாதுன்னு நானே சேனை வைக்கேன். சீனி தேடினோம், இல்ல. எதுக்குச் சீனி? தண்ணியே அம்புட்டு இனிப்பு."

பின்னால் வடிவு: "கொஞ்சமா வைங்க. ஒரு சொட்டு போதும். ஒரு சொட்டு."

"பிள்ளை சப்புக் கொட்டுது மாமா. கேக்குதா?"

கேட்கிறது.

தேதி நினைவில்லை
ஒன்பதாம் துளை, உப்பு இல்லை. கருவியில் எண் காட்ட இடம் போதவில்லை.
கண்டெடுப்பவருக்கு. மேலே எழுதியதில் திமிங்கிலம் மட்டும்தான் பொ