அலறலுக்கு ஒரு வசனம்

மார்ச் 12, 2024. செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்தாயிற்று. கீழே என் வீட்டுக்காரர் தறியில் இருக்கிறார். அந்தச் சத்தத்தில் அப்பாதுரை சார் போனில் சொன்னது பாதிதான் கேட்டது. டப்பிங் நடத்துகிறவர். சீன நடிகை ஜோ ரூய்லான் மறுபடியும் கதாநாயகியாம்! நாற்பத்தெட்டு வயதில், கையில் வாளோடு! ஐந்து வருஷமாக ஹீரோவுக்கு அம்மாவாக்கி அவளை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற நானும் கூடவே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

முதல் படத்தில் அவள் பணிப்பெண். தட்டோடு வருவாள், செத்துப்போவாள். எனக்கும் அதுதான் முதல் டப்பிங். பதற்றத்தில் "வந்துக்கினு இருக்கான்" என்று நம்ம ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. தியேட்டரில் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து சீனத்து வாள்காரி காஞ்சிபுரத்துத் தமிழ்தான் பேசுகிறாள். தெருவில் எனக்குப் பேர் சைனாக்காரி.

டூப் போட மாட்டாள், பிடிவாதக்காரி. விலா, முட்டி, மணிக்கட்டு எல்லாம் உடைத்தாயிற்று. ஏழு வயதில் அவள் அம்மா நாடகக் குழுவில் கொண்டுபோய் விட்டாளாம். கால் தலைக்கு மேல் போகாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாதாம். இப்படி நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது.

மார்ச் 29, வெள்ளி

விழுந்துட்டா. கடைசி நாள் ஷூட்டிங்காம், கூரையிலிருந்து குதிக்கிற காட்சி. இடுப்பில் கட்டின கம்பி அறுந்துபோச்சாம். நினைவில்லையாம். நான் இன்னா செய்வேன்? ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப் பேர்கூட என் வாயில் நுழையல.

மார்ச் 30

காமாட்சியம்மன் கோயிலில் அர்ச்சனை. அர்ச்சகர் பேர் கேட்டார். சொன்னேன். "இன்னா பேர்மா அது?" என்றார். நட்சத்திரம் கேட்டதும் முழித்தேன். கடைசியில் என் நட்சத்திரத்தையே சொன்னேன், ரோகிணி. அவள் பேர், என் நட்சத்திரம். அம்பாள் யாரை என்று எடுத்துக்கொள்வாள்?

ஜூன் 18

அப்படியேதான் கிடக்கிறாளாம்.

நவம்பர் 20, புதன்

டப்பிங் முடிந்தது. முடிந்ததா?

அவள் விழுந்ததை வெட்டவில்லை. படத்திலேயே வைத்திருக்கிறார்கள். "அதான்மா விளம்பரமே" என்றார் அப்பாதுரை சார். ஹெட்போனில் அவள் குரல் கேட்டது. "மா!" சீனத்திலும் அம்மாவை மா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை படத்துக்குப் பேசினவளுக்கு அது தெரியாதா? ஆனால் வசனத் தாளில் இருந்தது, "உன்ன விட மாட்டேன்டா!"

"சார், அவ அம்மாவ கூப்பிட்றா சார்."

"தெரியுதும்மா. வாள் புடிச்சவ அம்மான்னு கத்துனா மாஸ் போயிடும்."

"அது நடிப்பே இல்ல சார். நெஜமாவே..."

"நான் இன்னாம்மா பண்றது? படத்த வாங்கினவங்க கேக்கறாங்க."

மைக் முன்னால் நின்றேன். ஒவ்வொரு டேக்கிலும் "அம்மா" என்றேதான் கத்தினேன். வேண்டுமென்றே. அவர் கோபப்படவில்லை. "நீங்க கெளம்புங்க புவனாம்மா. அந்த ஒரு எடத்த நதியாவ வச்சி எடுத்துக்கறேன்" என்றார். நதியா புதுப்பெண். அவளும் என்ன செய்வாள், பாவம். வாய்ப்புக்காகக் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

சென்னையிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவளுக்காக எவ்ளோ கத்தியிருப்பேன்! அந்த ஒரு வார்த்தைய என்னால காப்பாத்த முடியலியே.

டிசம்பர் 3

போயிட்டா.

செய்தியில் அவள் அம்மாவைக் காட்டினார்கள். முகமெல்லாம் சுருக்கம். கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள், திரும்பத் திரும்ப. எனக்கு வாயசைவுக்குப் பேசத்தான் தெரியும். அந்த பாஷை தெரியாதே.

ஜனவரி 17, 2025. வெள்ளி

படம் வந்துவிட்டது. இன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரும் கூட வந்தார். 'உண்மையாக விழுந்த காட்சி' என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். அந்த இடம் வந்ததும் ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"உன்ன விட மாட்டேன்டா!"

விசில் காதைக் கிழித்தது. ஒருத்தன் சீட்டு மேல் ஏறி நின்று பேப்பரைக் கிழித்து வீசினான்.

வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார். "இன்னா புவனா, இது உன் குரல் இல்லியே?"

"இல்லீங்க. ஆனா விழறது அவதான்."

விசிலில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தார். அந்தக் காதில் "அம்மா" என்று மட்டும் சொன்னேன்.