மூன்று ஞாயிறாய் விழிக்காத கம்ப்யூட்டர்

நீடாமங்கலம்,
11.2.2007, ஞாயிறு

அன்பு மகள் விண்ணரசிக்கு,

முக்கால் வேலி நிலத்துக்கும் ஐந்து குதிரை சக்தி மோட்டார் ஒன்றுக்கும் ஏகச் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா அந்தோணிமுத்து எழுதுவது. இங்கே நான், உன் சித்தி ஃபிளோரா, இரண்டு மாடு, பதினோரு கோழி எல்லோரும் மாதா புண்ணியத்தில் சுகம். சுகமில்லாமல் படுத்திருப்பது வீட்டில் ஒரே ஆள்தான், அது உன் அறை மேசைமேல் கிடக்கும் புதுக் கம்ப்யூட்டர். அங்கே டப்ளினில் நீயும் உன் வார்டு நோயாளிகளும் சுகமா? குளிர் காதைக் கடித்துத் துப்புகிறது என்று சொன்னாயே, ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்கிறாயா? உன் அப்பா அம்மா போன பிறகு எட்டு வயசில் இந்த வீட்டுக்கு வந்தவள் நீ, அன்றைக்கும் செருப்பில்லாமல்தான் வந்து நின்றாய், அதனால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்கு ஏழு கடல் தாண்டிக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது கூடத்தில், கூடத்தில் இருப்பவள் உன் சித்தி, நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளப்போவதைக் கேட்டால் அவள் சிரிக்கிற சிரிப்பு வெண்ணாற்றுக்கு அக்கரையில் எதிரொலிக்கும். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், பிறகு உண்மைக்கு வருகிறேன், நடுவில் மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடாதே.

நீ காலேஜில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஞாயிறுதோறும் நீ அங்கேயும் நான் இங்கேயும் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே இன்டர்நெட்டில் சேர்ந்து ஆடும் நம் கோட்டை விளையாட்டின் புதுப் பதிப்பைப் பார்த்ததும் போன நவம்பரில் மூச்சிரைத்து விழுந்ததல்லவா, அன்றைக்கே நீ சொன்னாய், சித்தப்பா பேசாம கடையில ரெடியா இருக்கிறதா ஒண்ணு வாங்கிடுங்க, ஒரே பெட்டி, ஒரே பில்லு, ஒரே வாரண்டி, கெட்டுப்போனா அவனே வந்து தூக்கிட்டுப் போவான் என்று. நான் கேட்காதவன் இல்லை. தஞ்சாவூருக்குப் போய் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஏறினேன். கழுத்தில் டை கட்டிய ஒருவர் எனக்கு நாற்காலி போட்டுப் பெட்டியைத் தடவித் தடவிக் காட்டினார். விளையாட்டு சி.டி.யைக் கையோடு கொண்டு போயிருந்தேன், போடுங்க பார்ப்போம் என்றேன். எதிரிக் குதிரைகள் வந்தன மகளே, எப்படி வந்தன என்கிறாய், திருவாரூர்த் தேர் அதைவிட வேகமாக நிலைக்கு வந்து சேரும். கிராபிக்ஸ் கார்டு எங்கேங்க என்றால் எல்லாம் உள்ளேயே இருக்கு சார் என்கிறார். தனியாக ஒன்று வாங்கிச் சொருகலாமா என்றால், பிரிச்சா வாரண்டி போயிடும் சார், மேலும் உள்ள இருக்கிற பவர் சப்ளை அதைத் தாங்காது என்கிறார். காசு என்னுடையது, பெட்டி என்னுடையது, உள்ளே எட்டிப் பார்க்கிற உரிமை மட்டும் அவருடையதாம்! கட்டிய வேட்டியைப் பிரித்துக் கட்ட தையல்காரனிடம் அனுமதி கேட்கிற பரம்பரையா நம்முடையது?

அங்கிருந்து நேராகத் திருவாரூர் தெற்கு வீதி, முகம்மது யூசுப் கடை. நாகூர்க்காரர், நிதானமானவர், கையில் எப்போதும் ஸ்குரூ டிரைவர், காது குடைவதும் அதைக் கொண்டுதான். காகிதத்தில் ஒவ்வொரு சாமானாக எழுதிக் காட்டினார். அதே காசுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு, பெரிய பவர் சப்ளை, நாளைக்கு இன்னும் பெரிய கார்டு வேண்டுமென்றால் அதை மட்டும் மாற்றலாம், ஒன்று கெட்டால் அந்த ஒன்றைத்தான் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். நம் பம்புசெட்டும் அப்படித்தானே, வாஷர் போனால் மோட்டாரையா தூக்கி எறிகிறோம்? எனக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி இருந்தது. நீ போனில் வேணாம் சித்தப்பா, வேணாம் சித்தப்பா என்று நான்கு தடவை சொன்னதை எட்டுத் தடவை தாண்டிக் குதித்தேன்.

பிறகு பட்டது எதிரிக்கும் வரவேண்டாம். சாமான்கள் சென்னையிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர ஐந்து வாரம். முதலில் கேபினெட் வந்தது, காலிப் பெட்டி. அடுத்த வாரம் ஹார்டு டிஸ்க் வந்தது. அதற்கடுத்த வாரம் ரேம் வந்தது, அது இந்த மதர்போர்டுக்கான ரேம் இல்லையாம், அதில் இருக்கிற வெட்டு அரை நூல் தள்ளி இருக்கிறதாம், அந்த அரை நூலுக்காக நான் மூன்று தடவை திருவாரூர் பஸ் ஏறினேன். இதெல்லாம் எப்போது? சம்பா அறுப்பு நேரத்தில்! ஒரு பக்கம் அறுப்பு மெஷின் வரப்பில் நிற்கிறது, இன்னொரு பக்கம் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, ஈரப்பதம் பத்தொன்பது இருக்கு, காய வச்சுட்டு வாங்க என்று திருப்புகிறார்கள். என் நெல்லில் ஈரமா, கடிச்சுப் பாருங்க, பல்லு போகும் என்று நான் அங்கே போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த தராசின் முள்ளே ஆடியது. வீட்டுக்கு வந்தால் உன் சித்தி, ஏங்க, இன்னைக்கு கம்ப்யூட்டருக்கு கால் வந்துச்சா கை வந்துச்சா என்பாள்.

கடைசியில் ஜனவரி இருபது, சனிக்கிழமை, யூசுப் எல்லாச் சாமானோடும் நேரில் வந்து உட்கார்ந்து பூட்டினார். பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு, உள்ளே நீல வெளிச்சத்தில் சுற்றுகிற விசிறி, கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கூட அந்த அழகு கிடையாது. விளையாட்டைப் போட்டதும் குதிரைகள் பறந்த பறப்பில் நான் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். அண்ணே, ஒரு நாள் கதவைத் திறந்தே விட்டு ஓட்டுங்க, சூடு எப்படின்னு பாத்துட்டு நாலு திருகையும் முடுக்கிக்குங்க, அதுவரைக்கும் தூசி தண்ணி கிட்ட வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணி என்று அவர் வாயால் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஏழரைக்கு உன்னோடு கோட்டையில் இறங்க வேண்டும். நம் வீட்டில் மந்திரிக்காமல் எதையாவது புழங்கியிருக்கிறோமா, சொல். மோட்டார், மொபெட், பிரிட்ஜ், உன் பாஸ்போர்ட் வரைக்கும் தீர்த்தம் தெளித்துத்தானே எடுத்தோம். பூசை முடிந்து பக்கத்து வீட்டு டிராக்டரை மந்திரிக்க வந்திருந்த பங்குச் சாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கம்ப்யூட்டரை அணைக்கவா? அணைத்தால் நீல வெளிச்சத்தை அவர் எப்படிப் பார்ப்பார்! அவர் ஜெபம் சொல்லி, மேசை ஓரத்தில் அழகாக இரண்டே சொட்டுத் தெளித்தார். அவர்மேல் எள்ளளவும் குற்றமில்லை, இதை அடிக்கோடிட்டுப் படி. நான்தான், சாமி, உள்ள கிராபிக்ஸ் கார்டு வரைக்கும் படலீங்களே என்றேன். ஆசீர் தூரத்திலேருந்தே போய்ச் சேரும் அந்தோணி என்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தீர்த்த வாளியை அவரிடமிருந்து வாங்கி, கையால் அள்ளி, நாற்றங்காலில் விதை தெளிக்கிற வாகில் வீசி, திறந்த கதவு வழியே உள்ளே ஒரு தெளி தெளித்தேன். டொப்பென்று ஒரு சத்தம். அப்பளம் கருகின மாதிரி ஒரு வாடை. நீல வெளிச்சம் போய்விட்டது. சாமியார் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். உன் சித்தி சொன்னாள், சாமி இருக்கும்போதே அடக்கத்தையும் முடிச்சிடலாமாங்க என்று.

அஞ்சாம் தேதி காவிரித் தீர்ப்பு வந்ததிலிருந்து இங்கே டீக்கடையில் ஆளாளுக்கு டி.எம்.சி. கணக்குப் பேசுகிறார்கள். என் மதர்போர்டுக்குள் நான் திறந்துவிட்டது எத்தனை டி.எம்.சி. என்று எந்த நடுவர் மன்றமும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீ போன் செய்தபோது கரண்ட் இல்லை என்றேன். அது முதல் பொய். அடுத்த ஞாயிறு, இன்டர்நெட் வயரை மாடு மென்றுவிட்டது என்றேன், பாவம் அந்த மாடு, அது வயரை மோந்துகூடப் பார்த்ததில்லை. மூன்றாம் ஞாயிறு எனக்குக் கண் வலி என்றேன். ரெடிமேடாக வாங்குங்கள் என்று நீ சொன்னதைக் கேட்காதவன், நீ சொன்னதுதான் சரி என்று உன்னிடமே ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதற்குள் நான் செய்த வைத்தியத்தையும் கேள். மதர்போர்டைக் கழற்றி, களத்தில் நெல் காயும் பாயில் ஓரமாக விரித்துப் போட்டேன். நம் ஊரில் ஈரமானதற்கு வேறென்ன செய்வோம்? மூன்று நாள் வெயில். நடுவில் ஒரு கோழி வந்து அதை நான்கு கொத்துக் கொத்திவிட்டு, சுவை பிடிக்காமல் போய்விட்டது.

நேற்று யூசுப்பை வரவழைத்தேன். போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிப்பது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அண்ணே, தண்ணி பட்டுச்சா, பட்டிருந்தா வாரண்டி கிடையாது, படலைன்னா படலைன்னு எழுதி என் கையெழுத்தப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிடுறேன், உங்க வாயால சொல்லுங்க என்றார். தை மாசப் பனி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வருஷா வருஷம் கொள்முதல் நிலையத்தில் ஈரமில்லை ஈரமில்லை என்று சத்தியம் பண்ணிப் பழகின நாக்குதானே. ஆனால் அவர் கையெழுத்தல்லவா அங்கே போகும்? மேலும் கிணற்றுத் தண்ணீர் என்றால் இல்லையென்று சாதித்திருப்பேன், தீர்த்தத்தை எப்படியம்மா இல்லையென்று சொல்வது? முழுக்கதையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காதைக் குடைந்துவிட்டுச் சொன்னார், நாகூர்ல நாங்களும் புதுசு வாங்கினா சந்தனம் பூசித்தாண்ணே எடுப்போம், ஆனா கதவை மூடிட்டு மூடி மேல பூசுவோம்.

கையோடு கொண்டுவந்த வேறொரு பெட்டியில் ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் பார்த்தார். மதர்போர்டும் பவர் சப்ளையும் போய்விட்டன. பிராசசர், ரேம், ஹார்டு டிஸ்க், அந்த மகா கிராபிக்ஸ் கார்டு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பார்த்தாயா, தனித்தனியாக வாங்கியதால்தானே இரண்டோடு போச்சு என்று நான் மார் தட்ட, ரெடிமேடா வாங்கியிருந்தா தொறந்தே இருக்காது, தீர்த்தமும் உள்ள போயிருக்காது என்று உன் சித்தி அதே மூச்சில் அடித்தாள். இரண்டும் சரிதான், அதுதான் எரிச்சல். புது போர்டு இருபதாம் தேதிக்குள் வந்துவிடும், விபூதிப் புதனுக்கு மறுநாள் யூசுப் வந்து பூட்டுகிறார்.

மகளே, இவ்வளவும் எழுதியது சிரிக்க மட்டும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் தமிழ்ல கத்தினாத்தான் சித்தப்பா திங்கக்கிழமை வார்டுக்குள்ள கால் போகுது என்று போன வருஷம் நீதான் சொன்னாய். போன ஞாயிறு நான் கண் வலி என்றதும், பரவால்ல சித்தப்பா, நான் படுத்துத் தூங்குறேன் என்றாய். அங்கே அப்போது பகல் இரண்டு மணி. காய்ச்சல் வந்தால்கூடப் பகலில் கண் மூடாத பிள்ளை நீ. உன் ஞாயிற்றுக்கிழமைகளை அணைத்தது மாடும் இல்லை கரண்டும் இல்லை, என் வீம்பு. இன்றைக்கு நீ கூப்பிடும்போது கடிதம் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லப்போகிறேன், நான்காவது பொய் கைவசம் இருந்தும் எடுக்கவில்லை.

பிப்ரவரி இருபத்தைந்து, ஞாயிறு, உனக்குப் பகல் இரண்டு, எனக்கு ஏழரை. கோட்டையில் கிழக்கு வாசல் காவல் என்னுடையது, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. மறுபடி ஏதாவது கெட்டால் கெட்டது எது என்று உள்ளபடி சொல்வேன். அதுவரை பகலில் படுக்காதே, வெளியே போய் நாலு தெரு நட, நேரத்துக்குச் சாப்பிடு, காலுறையை மறக்காதே. பூண்டி மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இந்தத் தடவை ஆசீரை வாயால் மட்டும் தருகிறேன், கை காய்ந்தே இருக்கிறது.

கதவு மூடத் தெரியாத உன் சித்தப்பா,
அந்தோணிமுத்து

விண்ணு, சித்தி எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டச் சொல்லி இவர் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டேன், சிரித்து முடித்தாயிற்று. அந்தக் கண்ணாடிக் கதவின் திருகு நாலும் என் முந்தானையில் முடிந்திருக்கிறது, யூசுப் கையில்தான் கொடுப்பேன். இவர் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறார். உனக்குப் பொய் சொல்லிப் போனை வைத்த மூன்று ஞாயிறும், காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்கெரியாத அந்தப் பெட்டி முன்னால் எட்டரை வரைக்கும் உட்கார்ந்துதான் இருந்தார்.