உர்ஸின் துவக்கை யார் காப்பது?

7.10.1986, செவ்வாய். பாடன்.

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு விலகியது. கல்லூரி உதைபந்தாட்ட அணியின் ஜேர்சிகளை எண்ணினேன்: பதினான்கு. ஒன்றில் கை கிழிந்துள்ளது. (உபகரண அறை என் பொறுப்பு. கோல் காப்பாளன் உர்ஸுக்குப் பயிற்சியும் நானே.)

பழைய பயிற்றுநர் ஹெர் (திரு.) ஃப்ரை 30.9 அன்று விலகினார். இராணுவத்தில் பதவி உயர்வுப் பயிற்சி. புதியவர் ஹெர் புருன்னர். 18.20 மணிக்கு அவருடைய முதற் கட்டளை: கட்டாய இராணுவப் பயிற்சியில் இருப்பவர் ஆடக்கூடாது.

காரணம், துவக்கு; இராணுவம் கொடுக்கும் துப்பாக்கி. பயிற்சியிலிருக்கும் இந்நாட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை விடுமுறைக்குத் துவக்கோடு வருகிறார்கள். ஆளில்லாமல் அதை எங்கும் வைக்கலாகாது. உர்ஸ் முகாமிலிருந்து நேரே மைதானத்துக்கு வருபவன். ஹெர் ஃப்ரை இராணுவ அதிகாரி, துவக்கைத் தாமே பார்த்துக்கொள்வார்.

"அதுக்குக் காவல் இருக்க என்னட்ட ஆள் இல்லை" என்றார் புருன்னர்.

நான் இருப்பதாக என் ஜெர்மனில் கூறினேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

9.10.1986, வியாழன்.

மழை. இடது முழங்கால் வலி. நூலும் ஊசியும் வாங்கினேன்.

உர்ஸ் முகாமிலிருந்து தொலைபேசினான். இந்தச் சனி ஆடாவிட்டால் அவன் இடம் வேறொருவனுக்கு. பதினேழு கிழமை, ஏறக்குறைய நான்கு மாதச் சேவை, சட்டம்; மறுத்தால் சிறை. சட்டத்துக்குப் பணிந்தவனுக்கும் தண்டனையா? எந்த ஊர் நியாயம்?

இடியப்பம் சாப்பிடும்போது மகள் வசந்தியிடம் சொன்னேன்.

"அப்பா, உங்களுக்கு விசரே? துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்?"

"ஓம். அதுக்கு?"

"எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"எத்தினை மணிக்கு ஆட்டம் முடியுமெண்டு சொல்லுவன்."

"உங்களோட மனுசர் கதைக்கேலாது."

அவள் சொல்வதில் பிழையில்லை. நான் கடைசியாகத் துவக்கை அருகில் கண்டது 1984 ஆவணியில், யாழ்ப்பாணத்தில் நான் பயிற்றுவித்த மைதானத்தில். அதன் வாய் என் நெஞ்சைப் பார்த்திருந்தது. அன்று பயிற்சி நின்றது. இனி ஒரு துவக்குக்காக ஓர் ஆட்டமும் நிற்காது.

11.10.1986, சனி.

வெயில், குளிர்காற்று. எதிரணி ஃப்ரிபூர்க். ஆட்டம் 14.00.

13.10க்கு உர்ஸ் சீருடையோடு ஓடி வந்தான். சுடமுடியாதபடி துவக்கின் பூட்டைக் கழற்றி, கையுறைப் பையில் இட்டு, கோல் வலைக்குப் பின்னால் வைத்தான். துவக்கு, நான் அமர்ந்த வாங்கில், என் பக்கத்தில். அதன் வாயை வேலிப் பக்கம் திருப்பி வைத்தேன்.

புருன்னர் வந்தார். அவர் கூறிய காரணம் ஒன்றே, அதைக் கூறிய நேரம் செவ்வாய் 18.20, அக்காரணம் இப்போது இல்லை என்றேன். அணி முழுவதும் கேட்டு நின்றது. கையை உதறிவிட்டுப் போனார். உர்ஸ் இறங்கினான்.

இடைவேளையில், "எழும்பி வாங்கோ, பந்துகளை எடுங்கோ" என்று புருன்னர் கூவினார்.

"ஏலாது. நான் காவலில் இருக்கிறன்."

இரண்டாம் முறையும் கூவினார். அசையவில்லை. ஃப்ரிபூர்க் வீரர்கள் கை தட்டினார்கள், அது தேவையற்றது.

முடிவு 1–1. உர்ஸ் நான்கைத் தடுத்தான். விட்டது அவன் பிழையே. முன்னுக்கு வந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். 15.52க்குத் துவக்கை ஒப்படைத்தேன்.

14.10.1986, செவ்வாய்.

தூறல். 17.45க்கு மைதானம். புருன்னர் என்னிடம் உபகரண அறைச் சாவியைக் கேட்டார். எழுத்தில், திகதியிட்டுக் கேட்கும்படி சொன்னேன். எழுதவில்லை. சாவி என்னிடமே. வரும் சனி, 18ஆம் திகதி ஆட்டத்துக்கான பட்டியலில் உர்ஸின் பெயர், பென்சிலால்.

வீட்டில் வசந்தி சுடுதண்ணிப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன்.

"சனிக்கிழமைக்கு. நானும் வாறன். தனிய இருந்து நீங்கள் வீரம் காட்ட வேண்டாம். ஆனால் அந்தத் துவக்குக்குக் கிட்ட இருக்க மாட்டன், நீங்கள் நடுவில இருங்கோ."